பெட்ரோல் கசிவைப் பிடிக்க வாங்கிய சாமான்கள்: எதற்குக் காசு போடலாம், எதற்கு வேண்டாம்

காரில் பெட்ரோல் வாடை வருகிறது என்று உதிரிபாகக் கடையில் போய்ச் சொன்னால் முதலில் எடுத்து நீட்டுவது அடைக்கிற சாமானாகத்தான் இருக்கும். புட்டி, சீலன்ட், டேப், ஏதோ ஒரு பசை. நான் சொல்ல வருவது நேர் எதிர். கண்டுபிடிக்கிற சாமானுக்குத் தாராளமாகக் காசு போடுங்கள், நல்ல ஹோஸ், கிளாம்ப், ஓ-ரிங் (இணைப்பில் சீலாக உட்காரும் ரப்பர் வளையம்) இதற்கெல்லாம் கணக்குப் பார்க்காமல் போடுங்கள், பசைக்கு மட்டும் போடாதீர்கள். எங்கள் காரில் கசிவு ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றைச் சரிசெய்த பிறகும் வாடை நிற்கவில்லை, அதனால் இரண்டாவதைத் தேடுவதற்கென்று கடையில் கிடைக்கிற கருவிகளைப் பெரும்பாலும் வாங்கிப் பார்த்தாகிவிட்டது. இன்ஜெக்‌ஷன் வைத்த பழைய பெட்ரோல் கார், சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இல்லை. கீழே எழுதுவதெல்லாம் அந்த மாதிரி வண்டியை வைத்துத்தான்.

கருவிகளுக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், இதைப் படிக்காமல் யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. பெட்ரோல் மைனஸ் 43 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விட ஆரம்பித்துவிடும், அதாவது எந்தக் குளிரிலும் அது ஆபத்தான பொருள்தான். காற்றில் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவாக ஆவி கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். அந்த ஆவி காற்றைவிடப் பல மடங்கு கனம், மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவிப் பள்ளமான இடத்தில் தேங்கும், அதனால் மூடிய ஷெட்டில் இந்த வேலையே வேண்டாம். வெளியே, நிழலில், இன்ஜின் முழுசாக ஆறிய பிறகு செய்யுங்கள். பழைய மாதிரி குண்டு பல்பு போட்ட கை விளக்கை வண்டிக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், ஒரு சொட்டு பெட்ரோல் பட்டு அந்த பல்பு வெடித்தால் கதை முடிந்தது. நான் வாங்கியதிலேயே முதலில் வாங்கியது மூடிய எல்இடி விளக்கு ஒன்றும், உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்றும்தான். தீயணைப்பானில் பி வகுப்புக்கு, அதாவது எரியும் திரவத்துக்கு, ஆகும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், தண்ணீர் நிரப்பியது இதற்கு உதவாது. இந்த இரண்டையும் மதிப்பிட ஒன்றுமில்லை. வாங்கி வையுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் காசே இல்லாமல் கிடைக்கிற துப்பு ஒன்று இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. வாடை எப்போது வருகிறது என்று கவனிப்பது. டேங்க் நிரப்பிய அன்றைக்கு மட்டும் அடித்து, அரை டேங்குக்கு வந்ததும் காணாமல் போகிறதென்றால் கசிவு டேங்கின் மேல் பக்கம் இருக்கிறது: பம்ப் உட்கார்ந்திருக்கும் இடத்தின் சீல், நிரப்பும் குழாயின் ரப்பர் ஹோஸ், ஆவி போகிற சின்னக் குழாய்கள், இவற்றில் ஒன்று. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில நிமிடம் அடித்து, வண்டி சூடானதும் நின்றுவிடுகிறதென்றால் இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் ஓ-ரிங் மீது சந்தேகப்படலாம். பழைய ரப்பர் குளிரில் இறுகிச் சுருங்கும், சூட்டில் மறுபடி விரிந்து தானே அடைத்துக்கொள்ளும், அதனால்தான் ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிப் போய்க் காட்டும்போது எதுவும் தெரியாது. பானட்டுக்குள் இருக்கிற கசிவு பெரும்பாலும் உள்ளே உட்காருபவர்களுக்குத்தான் முதலில் தெரியும், காரணம் ஏசி, புளோயர் இரண்டும் காற்று இழுக்கிற வழி முன் கண்ணாடிக்குக் கீழேதான் இருக்கிறது. பம்ப் ஓடும்போது மட்டும் சொட்டுகிறதா, நின்ற வண்டியிலும் சொட்டுகிறதா என்பதும் பெரிய துப்பு. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் கொடுத்தாலே அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

சரி, கருவிக்கு வருவோம். வாங்கியதிலேயே எனக்குப் பிடித்தது எரிவாயு மோப்பக் கருவி. சமையல் வாயு கசிவைப் பார்க்கப் பயன்படுத்துவார்களே, வளையும் கழுத்து வைத்த கைக்கருவி, அதேதான், பெட்ரோல் ஆவிக்கும் பேசும். சுத்தமான காற்றில் ஆன் செய்து அது சூடாகும் வரை காத்திருந்து, மெதுவாக, மிக மெதுவாக, குழாயை ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். நெருங்க நெருங்க டிக் டிக் சத்தம் வேகமாகும். ஆவி கீழே இறங்கும் பொருள் என்பதால் முனையைச் சந்தேகப்படும் இணைப்புக்கு அடியில் பிடிக்க வேண்டும், மேலே பிடித்தால் ஒன்றும் சொல்லாது, இந்த ஒரு விஷயம் கூட வந்த தாளில் எழுதியிருக்கவே இல்லை. காற்று அடிக்கும் இடத்தில் பயன் குறைவு. பிரேக் கிளீனர், பெயின்ட் தின்னர் எதையாவது பக்கத்தில் பயன்படுத்தியிருந்தால் அதற்கும் கத்தும், எனவே முதலில் மோப்பம், பிறகுதான் சுத்தம் செய்வது. திரவ பெட்ரோலில் முனையை நனைத்துவிட்டால் சென்சார் போய்விடும், டேங்க் வாயில் நுழைத்துப் பார்க்கிற ஆசையும் வேண்டாம். இத்தனை நிபந்தனை இருந்தும் நான் இதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன், ஏனென்றால் நம் மூக்கு சில நிமிடத்தில் அந்த வாடைக்குப் பழகிப்போய் எல்லா இடத்திலும் அடிக்கிற மாதிரியே இருக்கும், இதற்கு அந்தப் பிரச்சினை இல்லை. எங்கள் இரண்டாவது கசிவைப் பிடித்துக் கொடுத்தது இதுதான். பின் சீட்டைத் தூக்கி, தரையில் இருக்கிற வட்ட மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்குள்ளேயே கருவி தொடர்ந்து அலற ஆரம்பித்துவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தால் பம்பைச் சுற்றி மூன்று பக்கம் மண்ணும் தூசியும் தடிப்பாகப் படிந்திருக்க, ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவத்தில் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. பெட்ரோல் அழுக்கைக் கரைக்கும், பிறகு தானும் பறந்துவிடும், ஆகவே ஈரத்தைத் தேடுவதைவிட அழுக்கு இல்லாத இடத்தைத் தேடுவது நல்லது. என் கணக்கில் இந்தக் கருவிக்கு ஐந்துக்கு ஐந்து.

ஃப்ளோரசன்ட் சாயமும் புற ஊதா டார்ச்சும் சேர்ந்து வருகிற பெட்டியும் வாங்கினேன். டேங்கில் ஊற்றி, வண்டியைச் சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு டார்ச் அடித்தால் கசிந்த இடம் பச்சை மஞ்சளாக மின்னும். பெட்ரோல் பறந்தாலும் சாயம் அங்கேயே தங்கிவிடுகிறது என்பதால் எப்போதோ ஒரு தடவை ஒழுகுகிற கசிவுக்கு இது பிரமாதம். முன்பக்க ஹோஸில் இருந்த கசிவை இது தெளிவாகக் காட்டியது, கிளாம்புக்குப் பின்னால் ஒரு மெல்லிய கோடு, அது கீழே ஓடி வேறொரு தாங்கியின் முனையில் சொட்டாகத் தொங்கிய இடம் வரை. சொட்டு விழுகிற இடத்துக்கு நேர் மேலேதான் கசிவு என்று நினைத்துத் தேடினால் கிடைக்காது என்பதற்கு அந்தக் கோடே சாட்சி. ஆனால் டேங்க் மேலே இருந்த கசிவுக்கு இந்தச் சாயம் ஒன்றும் உதவவில்லை. அங்கே பெரும்பாலும் வெளியே வந்தது ஆவி, சாயம் ஆவியோடு சேர்ந்து பறக்காது. வாங்குகிறவர்கள் பெட்ரோலுக்கு என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும், ஏசி வாயுவுக்கு வருகிற சாயமும் அதே மாதிரி பாட்டிலில்தான் இருக்கும். ஐந்துக்கு மூன்றரை.

சாயம் வாங்க மனமில்லாதவர்களுக்குச் சாதாரண முகப் பவுடரே போதும். சந்தேகப்படும் இடத்தைத் துடைத்து உலரவிட்டு, இன்ஜின் ஆறியிருக்கும்போது லேசாகத் தூவி, சாவியை ஆன் செய்து பம்பை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தால் நனைந்த பாதை கோடாகத் தெரியும். அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்து வைப்பதும் நல்ல பழக்கம். ஏசி தண்ணீர் சொட்டுவதையும் பெட்ரோல் சொட்டுவதையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர், அட்டையில் விழுந்த பெட்ரோல் சீக்கிரம் காய்ந்து வாடையை விட்டுப் போகும், தண்ணீர் அப்படியே நிற்கும்.

பிரஷர் கேஜ் எல்லோருக்கும் தேவைப்படாது, ஆனால் வெளியே எங்கும் ஈரமே இல்லை, மைலேஜ் மட்டும் விழுகிறது, புகை கறுப்பாக வருகிறது என்றால் இது இல்லாமல் முடியாது. இந்த மாதிரி வண்டிகளில் லைனில் பொதுவாக 3 முதல் 4 பார் அழுத்தம் இருக்கும், சரியான அளவு அந்தந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். கேஜை மாட்டி, பம்பை ஓட்டி அழுத்தம் ஏற்றிவிட்டு அணைத்து, முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். கடகடவென்று இறங்கினால் உடனே கசிவு என்று முடிவு கட்டக் கூடாது. பம்புக்குள் இருக்கிற திரும்பாத வால்வு போனாலும் அப்படித்தான் இறங்கும். பம்பிலிருந்து வருகிற ரப்பர் ஹோஸை அதற்கான மழுங்கிய கிடுக்கியால் அழுத்திப் பிடித்ததும் முள் நின்றால் குற்றம் பம்ப் பக்கம், டேங்குக்குத் திரும்பிப் போகிற ஹோஸைப் பிடித்ததும் நின்றால் லைன் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர், இரண்டிலும் நிற்கவில்லை என்றால் இன்ஜெக்டர் அல்லது வெளியே எங்கோ. நைலான் குழாயை மட்டும் இப்படிக் கிடுக்கியால் பிடிக்காதீர்கள், மடிந்து வெடிக்கும். ரெகுலேட்டரில் வாக்யூம் ஹோஸ் இருக்கிற வண்டியென்றால் கேஜுக்கு முன் அந்தச் சின்ன ஹோஸைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் உள் தோல் கிழிந்திருக்கிறது, பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் உறிஞ்சப்படுகிறது. கையால் செய்யக்கூடிய மிக எளிய சோதனை இதுதான். நான் வாங்கிய கேஜ் பெட்டி சுமார் ரகம். அடாப்டர்கள் நிறைய வந்தன, எங்கள் வண்டிக்குப் பொருந்தியது ஒன்று, அதனுடைய வாஷரையும் மாற்றித்தான் மாட்ட வேண்டியிருந்தது, இல்லையென்றால் கசிவைத் தேடுகிற கருவியே கசிந்திருக்கும்.

இன்ஜின் விளக்கு எரிந்தால் காரின் பிழை எண்ணைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள். பி0455 என்றால் டேங்கின் ஆவியை வெளியே விடாமல் பிடிக்கிற அமைப்பில் பெரிய கசிவு, பி0442 சின்னது, பி0456 மிகச் சின்னது, அரை மில்லிமீட்டர் துளையைக்கூட இந்த அமைப்பு கண்டுபிடித்துவிடும். முதலில் பெட்ரோல் நிரப்பும் வாயின் மூடியில் இருக்கிற ரப்பர் வளையத்தைப் பாருங்கள், பல சமயம் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அது இல்லையென்றால் புகை விட்டுப் பார்க்கும் மெஷின் வைத்திருக்கிற ஒர்க் ஷாப்புக்குப் போவதுதான் சரி. வீட்டில் செய்துகொள்கிற புகை டப்பாக்களைப் பற்றி வீடியோ நிறைய வருகிறது, கம்ப்ரஸர் காற்றில் ஓடுகிற அந்த மாதிரி ஒன்றை பெட்ரோல் டேங்கோடு இணைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். டேங்குக்குள் ஏற்கெனவே ஆவி இருக்கிறது, அதில் காற்றையும் சூடான கம்பி வைத்த ஒரு கருவியையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது நெருப்போடு விளையாடுவது. நல்ல ஒர்க் ஷாப்பில் நைட்ரஜன் மாதிரி எரியாத வாயுவில், மிகக் குறைந்த அழுத்தத்தில் செய்வார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு விடுங்கள்.

இனி ஹோஸ். இதில்தான் அதிகம் ஏமாற்றம், இதில்தான் அதிகம் ஆபத்து, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளியே பார்த்தால் எல்லாக் கறுப்பு ரப்பர் ஹோஸும் ஒன்றுதான். மேலே அச்சடித்திருப்பதைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். எஸ்.ஏ.இ 30 ஆர்7 என்று எழுதியிருப்பது கார்பரேட்டர் காலத்து வேலைக்கு, ஆவிக் குழாய்க்கு, 50 பிஎஸ்ஐ வரைக்கும். கார்பரேட்டருக்குப் போகிற லைனில் சாதாரணமாகப் பத்து பிஎஸ்ஐ கூட இருக்காது என்பதால் அங்கே அது தாராளம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஓடுவது 43 முதல் 58 பிஎஸ்ஐ (மேலே சொன்ன 3 முதல் 4 பார்தான்), அதற்கு ஆர்9 வேண்டும், அது 100 பிஎஸ்ஐ தாங்கும், உட்புறம் ஃப்ளூரோ ரப்பர் பூசியிருக்கும், வைட்டான் என்று கடையில் சொல்வது அதைத்தான். டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிற துண்டுக்கு ஆர்9 கூட ஆகாது, அதன் வெளித்தோல் பெட்ரோலில் ஊறுவதற்குச் செய்ததில்லை, அங்கே ஆர்10 தான். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டதால் பழைய ரப்பர் ஹோஸ்கள் முன்பைவிடச் சீக்கிரம் உப்பி, வெடித்து, உள்ளே உதிர ஆரம்பிக்கின்றன, எனவே ஹோஸில் தயாரித்த வருடமும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்ததை வாங்காதீர்கள்.

எங்கள் காரில் ஃபில்டருக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவில் இருந்த துண்டை, முன்பு ஃபில்டர் மாற்றியபோது ஒரு ஒர்க் ஷாப்பில் புதிதாகப் போட்டிருந்தார்கள். கழற்றித் துடைத்துப் பார்த்தால் அதில் எழுத்தே இல்லை. எந்தத் தரம், எந்த அழுத்தம், எதுவும் கிடையாது. பிளேடால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். உள்தோல் பாளம் பாளமாக வெடித்து, விரலால் தேய்த்தால் கறுப்புப் பொடியாகக் கையோடு வந்தது, நடுவில் இருந்த நூல் பின்னல் பெட்ரோலை உறிஞ்சித் திரி மாதிரி ஊறியிருந்தது. கசிவு ஓட்டை வழியாக வரவே இல்லை. பெட்ரோல் அந்த நூல் வழியாக ஊர்ந்து ஹோஸின் வெட்டு முனைக்கு வந்து அங்கிருந்து வெளியேறியிருக்கிறது. அதனால்தான் கிளாம்பை எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை. உதிர்ந்த பொடி எங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள், நேராக இன்ஜெக்டருக்கு. ஃபில்டருக்குப் பிறகு வருகிற துண்டு என்பதால் தடுக்க எதுவும் இல்லை. அந்த இடத்தில் நான் போட்ட ஆர்9 ஹோஸ் தடிமனாக, கையில் விறைப்பாக இருக்கிறது, குழாயில் ஏற்றுவதற்குக் கொஞ்சம் பலம் வேண்டும், வளைவு அதிகமாக இருந்தால் மடங்கிக்கொள்ளும், எனவே கொஞ்சம் நீளமாக வெட்டிப் பெரிய வளைவாக விட வேண்டும். வேறு குறையே சொல்ல முடியாது. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு விலை வித்தியாசம் இருந்தாலும் வாங்க வேண்டியது இதுதான், தேவைப்படுவதே ஒரு சாண் இரண்டு சாண் நீளம்தானே.

கிளாம்பும் அதே கதை. பட்டை முழுக்க வரி வரியாகத் துளை போட்ட, ஸ்க்ரூ வைத்த சாதாரண கிளாம்பைத்தான் எல்லா இடத்திலும் கொடுப்பார்கள். ரேடியேட்டர் ஹோஸுக்கு அது சரி. பெட்ரோல் ஹோஸில் போட்டு இறுக்கினால் ரப்பர் அந்தத் துளைகளுக்குள் பிதுங்கி, ஓரம் கத்தி மாதிரி வெட்டும். எங்கள் பழைய ஹோஸில் அந்த வரிகள் அத்தனையும் பல் பதிந்த மாதிரி தடமாக இருந்தன, இரண்டு இடத்தில் வெளித்தோல் அறுந்தே போயிருந்தது. இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் என்று தனியாக இருக்கிறது, துளையில்லாத பட்டை, ஓரங்கள் வெளிப்பக்கம் மடித்துவிட்டிருக்கும், சின்ன போல்ட்டும் நட்டும் வைத்து முழு வட்டமும் ஒரே சீராக இறுகும். ஹோஸின் அளவுக்கு மிகச் சரியாக வாங்க வேண்டும் என்பது மட்டும்தான் இதில் தொந்தரவு, ஒரு அளவு பெரிதாகிவிட்டால் இறுகாது. அளவெடுக்க வேண்டியது ஹோஸின் வெளி விட்டம், குழாயில் ஏற்றிய பிறகு. கிளாம்ப் உட்கார வேண்டிய இடம் குழாய் முனையில் இருக்கிற தடித்த வளையத்துக்குப் பின்னால், அதன் மேலேயே இல்லை, ஹோஸின் விளிம்பிலும் இல்லை.

டேங்க் மேல் சீலுக்கு ஓ-ரிங்கை வண்டி நிறுவனத்தின் உதிரிபாகமாகவே வாங்கினேன், இதில் வெளிச் சாமானைப் பரிசோதிக்கிற ஆசை எனக்கு இல்லை. ஒரு தடவை கழற்றிய பழைய வளையம் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், மறுபடி அந்தக் காடியில் உட்காரவே உட்காராது, உட்கார்ந்த மாதிரி தெரிந்தாலும் ஏதாவது ஓரத்தில் நசுங்கும். புதியது கையில் இல்லாமல் பம்பைத் திறக்காதீர்கள். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செய்வது நல்லது. திறப்பதற்கு முன் சுற்றியுள்ள மண்ணை நன்றாகச் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் அத்தனையும் டேங்குக்குள் விழும். பூட்டு வளையம் இரும்பாக இருந்தால் சுத்தியலும் இரும்பு உளியும் வைத்துத் தட்டுகிற பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது, திறந்த டேங்குக்கு மேலே பொறி பறக்க வைக்கிற வேலை அது. பித்தளைத் துண்டு ஒன்றை வைத்துத் தட்டுங்கள். பிளாஸ்டிக் வளையம் என்றால் அதற்குரிய சாவி கிடைக்கிறது, அது வாங்கத் தகுந்தது, தட்டித் திருப்பினால் அதன் காதுகள் உடைந்துவிடும்.

அடைக்கிற பசைகளைப் பற்றிக் கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். எபாக்ஸி புட்டியில் பெட்ரோல் தாங்கும் என்று எழுதியது இரும்பு டேங்கில் இருக்கிற ஊசித் துளையைத் தற்காலிகமாக அடைக்கும், அதுவும் துரு, பெயின்ட் எல்லாம் சுரண்டி, உலர்ந்த இடத்தில் வைத்தால். துருப்பிடித்து ஒரு துளை விழுந்த தகட்டில் பக்கத்திலேயே அடுத்தது காத்துக்கொண்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பிளாஸ்டிக் டேங்க் பாலிஎத்திலீன், அதில் எந்தப் பசையும் பிடித்து நிற்காது, பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஒரு நாள் அப்படியே தகடாகப் பெயர்ந்து வரும். சிலிக்கோன் சீலன்ட் பெட்ரோலில் உப்பிக் கூழாகிவிடும், அதை பம்ப் சீலில் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்தக் கூழ் பம்பின் சல்லடையை அடைக்கும். வெள்ளை டெஃப்லான் டேப்பைக் கூம்பு வாய் வைத்த இணைப்புகளில் சுற்றுவதும் வீண், அங்கே அடைப்பது மரை இல்லை, இரும்பும் இரும்பும் ஒட்டுகிற அந்தக் கூம்பு முகம். வாய் தேய்ந்திருந்தால் குழாயை மாற்ற வேண்டும். நடுவழியில் இரும்பு டேங்க் ஒழுகினால் துணி துவைக்கிற சோப்புக் கட்டியைத் துளையில் தேய்த்து அமுக்கினால் ஒழுக்கு அடங்கும். சோப்பு பெட்ரோலில் கரையாது, எனவே நம்பலாம், ஆனால் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துகிற வரைக்கும் மட்டும். டேங்கை வெல்டிங் செய்ய யாராவது முன்வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே முழுக்க ஆவியும் காற்றும்.

நைலான் குழாய்களில் எலி கடித்த கேஸ் நிறைய வருகிறது. கடித்த இடத்தை வெட்டி ரப்பர் ஹோஸைச் சொருகி கிளாம்ப் போடுவது பார்க்க எளிது, ஆனால் நைலான் வழவழப்பு, அழுத்தத்தில் நழுவிவிடும், முழுக் குழாயையும் அதன் பட்டன் இணைப்புகளோடு மாற்றுவதுதான் சரி.

எதைக் கழற்றுவதாக இருந்தாலும் முதலில் லைன் அழுத்தத்தை இறக்குங்கள். பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் ஓடித் தானாக நிற்கும், அதன் பிறகு பேட்டரியின் நெகடிவைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்துவிட்டு வேலை செய்யலாம். அப்போதும் ஒரு குவளை அளவு கீழே வரும், துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு திறங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நனைந்த துணிகளை மூலையில் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்து உலரவிட வேண்டும்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் ரயிலுக்கு, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் எரிபொருளைப் பிரித்துக் கொடுக்கிற கெட்டிக் குழாய்க்கு, போகிற லைனில் 150, 200 பார், புதியவற்றில் 350 பார் வரை கூட இருக்கும், காமன் ரயில் டீசலில் ஆயிரத்தைத் தாண்டும். அந்த வேகத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடாகப் பீறுகிற எரிபொருள் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், சின்னச் சிவப்புப் புள்ளிதான் வெளியே தெரியும், கையையே எடுக்க வேண்டிய நிலைமைக்குப் போகலாம். அங்கே விரலால் தடவிக் கசிவு தேடவே கூடாது, மேலே சொன்ன எந்த ஹோஸும் கிளாம்பும் அந்தப் பக்கத்துக்குக் கிடையாது, அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். டீசலில் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உறிஞ்சுகிற பக்கம் ஓட்டை இருந்தால் சொட்டே விழாது, வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும், காலையில் ஸ்டார்ட் ஆகாமல் இழுக்கும். பம்புக்கு முன்னால் தெளிவான குழாய்த் துண்டு ஒன்றை மாட்டிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதுதான் அதற்கு வழி.

புது ஹோஸ் மாட்டியதும் நேராக ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, பம்ப் ஓடி நிற்கும் சத்தம் கேட்டதும் அணைத்து, இதையே சில தடவை செய்து அழுத்தம் ஏறவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத் துண்டால் தொட்டுப் பாருங்கள். பிறகு இன்ஜினை ஓட்டி, சூடான பின் ஒரு தடவை, இரவு முழுக்க ஆறவிட்டு அதிகாலையில் ஒரு தடவை. டேங்க் மேல் சீல் மாற்றியிருந்தால் வாய் வரை நிரப்பி மோப்பக் கருவியை மறுபடி கொண்டுபோங்கள், அரை டேங்கில் பார்த்து முடிவு செய்வதில் பயனில்லை. ரப்பர் சூட்டிலும் குளிரிலும் சில வாரம் ஓடிக் கொஞ்சம் அமுங்கும், அப்போது கிளாம்பின் நட்டை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். எங்களுடையதில் கால் திருகு போனது.